எதை விட, எதைப் பிடிக்க? தவக்காலக் கேள்வி பதில்

தவக்காலம் என்பது உயிர்ப்பு விழாவுக்கு (ஈஸ்டருக்கு) முன் கிறிஸ்தவர்கள் பிடிக்கிற 40 நாள் நோன்பு. இந்த ஆண்டு (2026) அது தொடங்குகிற திருநீற்றுப் புதன் (சாம்பல் புதன்) பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாசகர்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். நம்ம பக்கத்தில் ‘நோம்பி’ என்றால் திருவிழா, விருந்து. நோன்பு என்ற சொல்தான் தேய்ந்து நோம்பியானது. பட்டினியில் ஆரம்பித்தது பலகாரத்தில் வந்து நின்றுவிட்டது. தவக்காலமும் அந்த வழியில் போய்விடுமோ என்கிற கவலை பல கடிதங்களில் தெரிந்தது.

கே: பனியன் கம்பெனியில டெய்லருங்க. வருசா வருசம் கறி விடறேன், சீரியல் விடறேன், கோவம் விடறேன், தினமும் பூசை, தினமும் பைபிள்னு அஞ்சாறு எழுதி வெக்கிறேன். ரெண்டாவது வாரம் ஓவர்டைம் வந்ததும் எல்லாம் போயிருது. எப்படித்தான் தேர்ந்தெடுக்கறதுங்க?
வாசகி, அனுப்பர்பாளையம்

ப: அஞ்சாறு என்கிற எண்ணிக்கையிலேயே பாதித் தோல்வி இருக்கிறது. மூன்று போதும். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தருமம், செபம், நோன்பு என்று மூன்று வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுங்கள். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. சாப்பாட்டில் விட்டது காசாகி, அந்தக் காசு ஒருவர் கைக்குப் போய், செபமும் அந்த ஒருவருக்காகவே என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்றால் அதற்குப் பெயர் சிக்கனம்.

எழுதும்போது, இரவு படுக்கையில் ‘செஞ்சேன்’ அல்லது ‘செய்யல’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுதுங்கள். ‘கோபத்தை விடுவேன்’ என்பதற்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு யாரும் உங்களைச் சீண்டவில்லை என்றால் அது உங்கள் தவமா, அவர்கள் தயவா? ‘சூப்பர்வைசர் திட்டினதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் பேச மாட்டேன்’ என்றால் பதில் உண்டு. ‘தினமும் செபம்’ என்பதில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. ‘கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் ஸ்டாப்பில் நின்றபடி செபமாலையில் ஒரு பத்து மணி’ என்றால் இரண்டும் இருக்கிறது. நாலு நிமிடத்தில் முடிந்தும் விடும்.

இரண்டாவது வாரம் ஏன் உடைகிறது? முதல் நாலு நாள், புதன் முதல் சனி வரை, சாம்பல் பூசின சூட்டிலேயே ஓடிவிடும். அதற்கப்புறம்தான் நிஜமான வாரம், ஷிப்மென்ட் நெருக்கடியோடு வருகிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்த அளவை இப்போதே எழுதி வையுங்கள். ஓவர்டைம் நாளில் செபமாலையின் பத்து மணி கிடையாது, ஒரே ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுத்தந்த செபம்). அதைச் சொல்லிவிட்டால் அந்த நாளும் ‘செஞ்சேன்’ கணக்குதான். ஒரு நாள் முழுசாக விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவு மட்டும். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யப் போனால், மூன்றாம் நாள் கடன் மூன்று மடங்காகி கந்துவட்டி மாதிரி ஆளைத் தின்றுவிடும்.

இன்னொன்று, பலர் பார்க்காமல் விடுவது: உங்கள் விரதம் யார் தலையில் விழுகிறது? வீட்டுக்காரர் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), மாமியார் உப்பில்லாமல், பையன் கறி இல்லாமல் என்று மூன்று பேர் மூன்று விதமாக ஆரம்பித்தால் அடுப்பில் மூன்று சட்டி ஏறும். தவம் ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு. வெள்ளிக்கிழமை இரவு எல்லோருக்கும் ஒரே குக்கர் அரிசிம்பருப்பு என்று முடிவு செய்யுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று விசில். தொட்டுக்கொள்ளத் தயிர். அரை மணி நேரத்தில் அடுப்படி ஓய்ந்துவிடும். மிச்சமான நேரம் சமைக்கிறவருக்கு.

கே: 40 நாள்னு சொல்றோம், காலண்டர்ல எண்ணினா 46 வருதே? ஞாயித்துக்கிழமை விரதத்தை விட்டுக்கலாமா?
வாசகர், காங்கேயம்

ப: புதன் முதல் பெரிய சனி (உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாள்) வரை 46 நாள்தான். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் வராது, மிச்சம் 40. (வழிபாட்டுக் கணக்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது, விரதம் பிடிக்கிறவர்கள் பழைய 40 கணக்கைத்தான் பிடிக்கிறார்கள்.) ஞாயிறு சாப்பாட்டில் தளர்த்திக்கொள்ளலாம். பீடி, மது, செல்போன் மாதிரிப் பழக்கங்களுக்கு ஞாயிறு லீவு விட வேண்டாம். திங்கள்கிழமை மறுபடியும் முதல் நாளாகிவிடும்.

கே: வெள்ளிக்கிழமை கறி ஆகாதுன்னா, குழம்பு மட்டும் ஊத்திக்கலாமா? முட்டை, கருவாடு? மாமன் வீட்டுல கெடா விருந்துக்குக் கூப்பிட்டாப் போறதா வேண்டாமா?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

ப: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்கள் திருநீற்றுப் புதனும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசனம் காக்க வேண்டும். ஆடு, கோழி, மாடு, பன்றி எதுவும் ஆகாது. மீன், கருவாடு, முட்டை, பால், தயிர், நெய் ஆகும். தாளிக்கிற கொழுப்பைச் சட்டம் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் கறிக்குழம்பு என்பது கறியின் சாறு. துண்டை ஒதுக்கிவிட்டுச் சாறை ஊற்றிக்கொள்வது சட்டத்தோடு ஒளிந்து விளையாடுகிற வேலை. வேண்டாம்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை மீன் தின்பது கடலோர ஊர்களில் ஏழைச் சாப்பாடாக இருந்த காலத்து வழக்கம். உக்கடம் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை கேட்டுப் பார்த்தால் நமக்கு அது தவமா, கொண்டாட்டமா என்று தெரிந்துவிடும். சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும் கோழியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுவலும் காளான் பிரியாணியும் என்று மாற்றிக்கொண்டால் நாக்கு எதையும் இழக்கவில்லை. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கம்மங்கூழ் என்று நம்ம ஊரிலேயே வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இருக்கிறது.

கெடா விருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கேள்வியே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் போங்கள், மொய் வையுங்கள், சைவப் பந்தி இருந்தால் அதில் உட்காருங்கள்; இல்லாவிட்டால் சாதம், ரசம், மோர் என்று முடித்துக்கொள்ளுங்கள். ‘ஒருசந்திங்க’ என்று ஒரு வார்த்தை போதும். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிற வீட்டுக்கு, புரட்டாசிச் சனி பிடிக்கிற வீட்டுக்கு, அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படாது. மற்ற கிழமைகளில் நீங்களாக விரும்பி எடுத்த கறி விரதம் என்றால், கூப்பிட்டவர் மனம் நோகுமா என்பதையும் எடை போட்டு நீங்களே முடிவு செய்யலாம்; அது சட்டம் இல்லை.

கே: எனக்கு 57 வயசு. 12 வருசமா சுகர். காலைல ரெண்டு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி இருந்தே பழக்கம். போன வருசம் சிலுவைப்பாதையில ஒன்பதாவது நிலைக்கிட்ட மயக்கமா வந்து உக்காந்துட்டேன். இந்த வருசம் இருக்கலாமா?
வாசகர், பல்லடம்

ப: ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. உங்கள் வயது அதற்குள் வருகிறது. ஆனால் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நீங்கள் இருக்காவிட்டால் பாவம் இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒருசந்தி என்றால் முழுப்பட்டினி இல்லை. ஒரு முழுச் சாப்பாடு, அதைத் தவிர இரண்டு சிறு உணவு. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது. தண்ணீரும் மருந்தும் முறிக்காது. பலர் இதைத் தெரியாமல் காலை முதல் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்து, மாலை மூன்று மணி வெயிலில் கோயில் மைதானத்தில் சிலுவைப்பாதையின் (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற செபம்) பதினாலு நிலையும் முழங்கால் போடுகிறார்கள்.

மயக்கம் வந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மாத்திரையை வழக்கம்போலப் போட்டீர்கள், இட்லியை விட்டீர்கள். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. டாபாகிளிஃப்லோசின் போடுகிறவர்களுக்கு வேறு சிக்கல்: அது சிறுநீரை அதிகமாக்கும், பட்டினியும் வெயிலும் சேர்ந்தால் உடம்பு வற்றிப்போகும், ரத்தத்தில் அமிலமும் சேரலாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் போய், ‘அன்னைக்குக் காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் முழுச் சாப்பாடு, ராத்திரி ஒரு டம்ளர் கூழ். எந்த மாத்திரையை எப்போ, எவ்வளவு?’ என்று இதே வார்த்தையில் கேளுங்கள். ‘விரதம் இருக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘வேண்டாம்’ என்று பொதுவாகத்தான் பதில் வரும். இன்சுலின் போடுகிறவர்கள் தாங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

அன்றைக்குச் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தாலோ, மிஷினில் 70-க்குக் கீழே காட்டினாலோ விரதம் அந்த நிமிடமே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறினதும் ஏதாவது சாப்பிடுங்கள். சிலுவைப்பாதையை உட்கார்ந்தே செய்யலாம். அதற்காக யாரும் உங்களை எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த இரண்டு நாளும் பேச்சில் ஒருசந்தி பிடித்துப் பாருங்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்ப் பழமை பேசாமல் ஒரு நாள் இருப்பது இட்லியை விடுவதைவிடக் கஷ்டம்.

கே: வீட்டுக்காரரு விசைத்தறி ஓட்டறாரு. பத்துப் பன்னெண்டு வருசமாத் தினமும் குடி, ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டருக்கு மேல. இந்தத் தவக்காலத்துல ஒரேயடியா விட்டர்றேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. நான் எப்படித் துணையா இருக்கறது?
வாசகி, சோமனூர்

ப: அவர் நினைத்தது நல்ல காரியம். ஆனால் ‘ஒரேயடியா’ என்பதுதான் பயம். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால் ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரை குழப்பம், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. புதன்கிழமை நிறுத்தினால் வெள்ளி, சனி. ‘விட்டதும் பேய் பிடிச்சிருச்சு’ என்று தாயத்துக் கட்டப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

அதனால் புதன்கிழமைக்கு ஒரு வாரம் முன்னாலேயே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் போய்க் கேட்கலாம். மருந்து கொடுத்து நாளாக நாளாக அதைக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஏற்றுவார்கள். வலிப்பு முன்பு வந்திருந்தால் அட்மிட் ஆகச் சொல்வார்கள். எங்கே போவது என்று கேட்க 104, வலிப்போ குழப்பமோ வந்தால் 108.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ‘சாப்பாட்டுல தெரியாமக் கலந்து குடுங்க’ என்று விற்கிற பொடி, மாத்திரை. அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் தெரியாமல் குடித்தும் விட்டால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். அவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது.

வாரக் கூலி கைக்கு வருகிற சனிக்கிழமைதான் கண்டம். கூலியை முதலாளியிடம் சொல்லி உங்கள் அக்கவுண்டில் போடச் சொல்லலாமா என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லி நடந்தால் நிற்கும், நீங்களாகப் போய்ப் பிடுங்கினால் நிற்காது. தறிக்கூடத்திலிருந்து கடை இல்லாத வழியாக வீட்டுக்கு வருவதும் ஒரு தவம்தான். ஏ.ஏ. குழு (குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற குழு) கூட்டங்கள் சில கோயில் வளாகங்களிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது, பங்குக் கோயிலில் விசாரியுங்கள்.

‘பாஸ்காவன்னைக்கு (உயிர்ப்பு விழாவன்று) மட்டும்’ என்று ஒரு பேச்சு வரும். நாற்பது நாள் விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. அதே குவார்ட்டர் இரண்டு மடங்காக ஏறும். அவர் தவறி ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் சத்தியத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். மறுநாள் காலையில் மருந்து போட்டாரா என்று மட்டும் பாருங்கள்.

கே: டீயை விடலாம்னு இருக்கேன். போன வருசம் விட்டு, வியாழக்கிழமை மண்டை பொளந்துருச்சு.
வாசகர், அவிநாசி

ப: டீயிலுள்ள காஃபின் செய்கிற வேலை. நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். புதன்கிழமை ஒருசந்தியும் டீ நிறுத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர் பத்து நாள் முன்பே ஆரம்பித்து இரண்டு நாளுக்கு ஒரு டீ வீதம் குறையுங்கள், மாலை டீயை முதலில், காலை டீயைக் கடைசியில். அந்த நேரத்துக்குச் சுக்குமல்லி வைத்துக்கொள்ளலாம். காபித்தூள் போடாத சுக்குமல்லி.

காசுக் கணக்கு: டீ 15 ரூபாய், நாளுக்கு மூன்று டீ விட்டால் 40 நாளுக்கு 1,800 ரூபாய். இது தானாகச் சேராது. ‘பாஸ்காவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கலாம்’ என்றால் அந்தக் காசு பெட்ரோலாகப் போயிருக்கும். முன்பெல்லாம் தவக்கால உண்டியலில் அன்றன்றைக்குச் சில்லறை விழுந்தது. இப்போது பேக்கரியில் க்யூஆர் கோடைக் காட்டிப் பழகின கைக்குச் சில்லறையே கிடையாது. சனிக்கிழமை இரவு 270 ரூபாயை வேறொரு அக்கவுண்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாருக்கு என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்: ஏழைகளுக்கு உதவுகிற, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையா, கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸின் தவக்கால நிதியா, பக்கத்து லைன் வீட்டில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற வடமாநிலக் குடும்பமா? முகம் தெரிந்தால் டீயை விடுவது சுலபம்.

கே: நாங்க ஆர்.சி., மருமக சி.எஸ்.ஐ. தவக்காலத்தை அவ லெந்துங்கறா, 40 நாளும் பூ வெக்க மாட்டேங்கறா, கறியும் தொடறதில்ல. எதிர்வீட்டு மலையாளிகளோ திங்கக்கிழமையே ஆரம்பிச்சர்றாங்க. வீட்டுல எதைப் பொதுவா வெக்கறது?
வாசகி, ஈரோடு

ப: சி.எஸ்.ஐ.யில் கறி பற்றிச் சட்டம் இல்லை. 40 நாளும் விடுவது, பூவும் பட்டும் தவிர்ப்பது எல்லாம் குடும்ப வழக்கம். உங்களுக்குச் சட்டம் இருக்கிறது, அளவு குறைவு. ஆக மருமகள் செய்வது உங்களைவிடக் கடுமையானதுதான். ‘சுமங்கலி பூ வெக்காம’ என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். பெரிய வெள்ளி அவளுக்கு ஏழு வார்த்தை தியானத்தோடு மும்மணி ஆராதனை, உங்களுக்குப் பிற்பகல் திருப்பாடுகளின் வழிபாடும் சிலுவை ஆராதனையும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும். குழந்தையை யார் பார்ப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். சண்டை வருகிற இடம் இறையியல் இல்லை, அதுதான்.

எதிர்வீட்டினர் கேரளத்துக் கிறிஸ்தவ சபைகளான சீரோ மலபார் அல்லது சிரியன் ஆர்த்தடாக்ஸாக இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஆண்டு பிப்ரவரி 16 திங்களன்றே தொடக்கம். ஐம்பது நோம்பு என்பார்கள். மரபாகப் பிடிக்கிறவர்கள் மீன், முட்டை, பால்கூடத் தொட மாட்டார்கள்.

பொதுவாக வைக்க: ஒரு உண்டியல், ஒரு வாசிப்பு, வெள்ளி இரவு ஒரே சாப்பாடு. வாசிப்புக்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே: 40 நாளில் படித்து முடிக்கிற மாதிரி பைபிள் பகுதி ஏதாவது சொல்லுங்க. எங்க ஆரம்பிச்சாலும் பாதியில நிக்குது.
வாசகர், தாராபுரம்

ப: மாற்கு 16 அதிகாரம், லூக்கா 24. கூட்டினால் சரியாக 40. புதன்கிழமை மாற்கு 1-இல் ஆரம்பித்து, ஞாயிறுகளை விட்டுவிட்டு ஒரு நாளுக்கு ஓர் அதிகாரம் படியுங்கள். மார்ச் 7 சனிக்கிழமை மாற்கு முடியும், 9-ஆம் தேதி திங்கள் லூக்கா தொடங்கும். குருத்து ஞாயிற்றுக்கு (உயிர்ப்புக்கு முந்தின ஞாயிறு) மறுநாள் லூக்கா 19, எருசலேம் நுழைவு. பெரிய வியாழன் 22, இராவுணவு. பெரிய வெள்ளி 23, சிலுவை. சனிக்கிழமை 24, காலிக் கல்லறை. அதைப் பகலில் படிக்காமல் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டிலும் இந்தக் கணக்கு மாறாது, தேதிதான் மாறும்.

வாய்விட்டுப் படித்தால் ஓர் அதிகாரத்துக்கு ஏழெட்டு நிமிடம். நிற்கிற இடங்கள் மூன்று: மாற்கு 14 (72 வசனம்), லூக்கா 1 (80 வசனம்), லூக்கா 22 (71 வசனம்). அந்த நாட்களில் காலையில் பாதி, இரவில் பாதி. நாலு நாள் விட்டுப்போனால் விட்டதைத் துரத்தாமல் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்துக்கு நேராகத் தாவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய வெள்ளியன்று கலிலேயாவிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இதுவே அதிகம் என்றால் வெள்ளிகள் மட்டும். திருநீற்றுப் புதனுக்கு அப்புறம் பெரிய வெள்ளி வரை ஏழு வெள்ளி. பைபிளின் திருப்பாடல்கள் நூலில் மனவருத்தத் திருப்பாடல்களும் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143.

கே: பிடி அரிசி எடுத்து வெக்கறோம். போன வருசம் 40 நாள் கழிச்சுத் திறந்தா ஒரே வண்டு. வாங்கினவங்களும் ‘வேகவே மாட்டேங்குது’ன்னாங்க.
வாசகி, பொள்ளாச்சி

ப: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து வைப்பது நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். கைப்பிடி சுமார் 40 கிராம். நாளுக்கு இரண்டு என்றால் 40 நாளில் மூன்று கிலோவுக்கு மேல்.

களைந்த அரிசியில் எடுக்காதீர்கள், அளக்கும்போதே உலர்ந்த அரிசியில் எடுங்கள். ஈரம் பட்டால் முதல் வாரமே கட்டி தட்டும். எவர்சில்வர் டப்பாவில் நாலைந்து காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு இறுக மூடுங்கள். வெயில் ஏற ஏற வண்டும் ஏறும். 40 நாள் வைக்காமல் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்த்துவிடுவதே நல்லது.

வேகாததற்குக் காரணம் கலப்பு. பத்து வீட்டு அரிசி ஒரே மூட்டையில்: பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி. ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். புழுங்கலுக்கு ஒரு டிரம், பச்சரிசிக்கு ஒரு டிரம் என்று கோயிலில் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதா? சோற்றுக்குக் கொடுக்காதீர்கள், மாவுக்குக் கொடுங்கள். தோசைக்கு எதுவும் தெரியாது.

கே: ஆறாவது படிக்கிற பையன், நானும் பெரிய வெள்ளி பட்டினி இருப்பேன்னு அழறான்.
வாசகி, மேட்டுப்பாளையம்

ப: 14 வயதுக்குக் கீழே சுத்தபோசனக் கடமைகூட இல்லை, பட்டினி வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் வாங்குகிற ஐஸோ முறுக்கோ, எதை விடுவது என்று அவனே சொல்லட்டும், நீங்கள் சொன்னால் அது தண்டனையாகிவிடும். பழைய நோட்டு அட்டையில் 40 கட்டம் போட்டுக் கொடுத்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் வருகிற விருந்தாளி எல்லோருக்கும் காட்டுவான். மத்தேயு 6 எச்சரிப்பதும் அதைத்தான்.

கே: செல்போன்?
வாசகர், பெருந்துறை

ப: ‘கம்மியாப் பாப்பேன்’ நிற்காது. ஒரு ஆப்பை அழியுங்கள், அல்லது இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜில் இருக்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிவிடுங்கள். ‘அலாரத்துக்குத்தான்’ என்று பக்கத்தில் வைக்கிற போன்தான் இரவு ஒரு மணி வரை ஓடுகிறது.

கே: மூத்தவ பிறந்தப்ப உசுருக்குப் போராடி, வருசா வருசம் தவக்காலம் முழுக்க கறி, முட்டை, பால் தொட மாட்டேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். இப்ப அஞ்சு மாசம். ரத்தம் 9 தான் இருக்கு, முட்டை சாப்பிடச் சொல்றாங்க டாக்டர். நேர்ச்சையை மீறினா ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்குங்க.
வாசகி, உடுமலைப்பேட்டை

ப: ஆகாது, அம்மிணி. பயப்படாதீங்க. தெரிந்து, விரும்பிக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தது நேர்ச்சை. ‘இப்படி இருக்கணும்’ என்று வெறுமனே நினைத்தது தீர்மானம். உங்களுடையது நேர்ச்சையாகவே இருந்தாலும், தனி ஒருவர் செய்த நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ அதை வேறொன்றாக மாற்றவோ பங்குத்தந்தைக்குச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. பூசை முடிந்ததும் போய் இதே கடிதத்தில் எழுதினதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, காணிக்கை எதுவும் தேவையில்லை. அதைவிட நல்லதாகவோ அதே மதிப்புள்ளதாகவோ ஒன்றுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9 என்றால் காத்திருக்கக் கூடாது. ஃபாதரைப் பார்க்கிற வரைக்கும்கூட முட்டையைத் தள்ளிப் போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாமல் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மாற்றிக்கொள்ள ஒரு யோசனை: அந்த 40 நாளும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற இன்னொரு கர்ப்பிணிக்குத் தினம் ஒரு முட்டைக்கான காசு.

கே: பாஸ்கா விழிப்பு முடிய நடுராத்திரி ஆயிருது. வந்ததும் பிரியாணி சாப்பிடலாமா? போன வருசம் விடியறதுக்குள்ள வயிறு ஒரு வழியாயிருச்சு.
வாசகர், கருமத்தம்பட்டி

ப: திருப்பலி முடிந்தால் உயிர்ப்புதான், தடை இல்லை. ஆனால் நாற்பது நாள் கொள்ளும் கீரையும் பார்த்த வயிற்றில், ஒரு மணிக்கு மட்டன் பிரியாணி போட்டுவிட்டு உடனே படுத்தால் வேறென்ன ஆகும்? அந்த நேரத்துக்கு இரண்டு இட்லி, ஒரு முட்டை போதும். கறியை ஞாயிறு மத்தியானத்துக்கு வையுங்கள், வழக்கத்தில் பாதி அளவு. மிச்சப் பாதியைத் தூக்குப்போசியில் போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மாலையே மசாலா அரைத்து வைத்துவிட்டால், விழிப்புத் திருப்பலியில் சமைக்கிறவருக்கும் நிம்மதியாக நிற்க முடியும்.